சுகபோகி என்னும் சொல்



காரைக்கால் பகுதியில் திருமலைராயன்பட்டினத்தையடுத்துப் பட்டினச்சேரி என்னும் மீனவர் ஊர் உள்ளது. அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த நாளில், 'சுகபோகி' என்பதற்குப் பொருள் கேட்டேன். "கடலுக்குப் போகாதவன், சார்" என்றான் கடைசி வரிசை மாணவன் ஒருவன். போகாதவன் போகியா என்று வகுப்பே சிரித்தது. நான் அகராதிப் பொருளைக் கரும்பலகையில் எழுதி அவனை அமரச் செய்தேன். (அவர்கள் தொழில் வேறு, நம் நோன்பு வேறு. ஆயினும் என்னெதிரே மீனுணவைப் பிரிக்காத பண்பு அப்பிள்ளைகளிடம் இருந்தது.)

ஆங்கிலத்தில் சுகபோகியைச் 'சிபரைட்' என்பர். தென் இத்தாலிக் கடற்கரையில் கிரேக்கர் குடியேறி அமைத்த சிபாரிஸ் என்னும் நகரத்தின் பெயரால் வந்த சொல் அது. உறக்கம் கெடுமென்று அந்நகரத்தார் ஊருக்குள் சேவல் வளர்ப்பதையே விலக்கினராம். விருந்துகளில் குழலிசைக்கு ஆடும்படி குதிரைகளையும் பழக்கினராம். கி.மு. 510 அளவில் அண்டை நகரான குரோட்டன் படையெடுத்தபோது, பகைவர் குழலூத, குதிரைகள் போர்க்களத்திலேயே ஆடத் தொடங்கின என்பது பழங்கதை. கதை எவ்வாறாயினும் நகரம் அழிந்தது உண்மை. குரோட்டன், பிதாகரஸ் வாழ்ந்த ஊர். அவர் புலால் மறுத்தவர் என்பது மரபுச் செய்தி.

நம் கரையிலும் செல்வச் செழிப்பிலும் இன்ப விழவிலும் குறைவில்லாத பட்டினம் ஒன்று இருந்தது. காரைக்காலுக்கு வடக்கே, காவிரி கடலொடு கலக்குமிடத்தில் இருந்த புகாரே அது. மாசாத்துவான் மகன் கோவலன் தன் செல்வத்தையெல்லாம் மாதவியின் மனையில் கரைத்தான். அவனுக்கு எஞ்சியது மனைவியின் காற்சிலம்பு. எனினும் புகாரின் பெயரால் சுகபோகியைக் குறிக்கும் சொல் எதுவும் பிறக்கவில்லை. (இன்று 'புகார்' என்றால் காவல் நிலையமே நம் நினைவுக்கு வருகிறது!) அவனோடு மதுரைக்கு வழிநடந்த கவுந்தியடிகளும் புகாரைச் சேர்ந்தவரே. கோவலன் மறைவைக் கேட்டபின் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த அச்சமணத் துறவியை அப்பட்டினத்தின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

'போகம்' இழிசொல் அன்று. காவிரிப் படுகையில் ஒரு போகம், இருபோகம், முப்போகம் என விளைச்சலையே அச்சொல்லால் எண்ணுகிறோம். விளைவதும் போகம், அதனைத் துய்ப்பதும் போகம். நம் ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், உணவுபோல் ஒருமுறை துய்த்து முடிவதைப் போகமென்றும், ஆடைபோல் மீண்டும் மீண்டும் துய்ப்பதை உபபோகமென்றும் பிரித்தார். இல்லறத்தார்க்கு அவற்றைத் துறக்கச் சொல்லவில்லை. பரிமாணம், அதாவது அளவு, வகுத்துக்கொள்ளச் சொன்னார். குறித்த காலத்திற்கு மேற்கொள்வது நியமம். வாழ்நாள் முழுமைக்கும் மேற்கொள்வது யமம்.

நான் கரும்பலகையில் எழுதிய பொருளில் அந்த அளவு இல்லை. அம்மாணவன் சொன்னதில் இருந்தது. கடலுக்குப் போகாமல் இருக்க முடிந்த ஒரு நாளே அவன் வீட்டின் சுகபோகம். அதை நான் உணர்ந்தது பல்லாண்டு கழித்து, என் மகளின் திருமணத்தன்று. கதிர் மறைவதற்குள் பந்தியை முடித்தோம், கிழங்கு சேர்க்கவில்லை, நோன்பில் குறையில்லை என்று மகிழ்ந்திருந்தேன். மண்டபத்தின் பின்புறம் சென்றபோது, தொடப்படாத இனிப்புகளை இலையோடு குழியில் தள்ளிக்கொண்டிருந்தனர். அத்தனை வகை வேண்டுமென்று சமையற்காரரிடம் எழுதிக் கொடுத்தவன் நானே.

சென்ற சாதுர்மாசத்தில் முதன்முறையாக ஒரு நியமம் ஏற்றேன். நான்கு மாதத்திற்கு எட்டு வேட்டிகள் போதுமென எண்ணி எடுத்து வைத்து, எஞ்சியவற்றைக் கொடுத்துவிட்டதாக இல்லத்தாரிடம் பெருமையாகச் சொன்னேன். மறுவாரம் என் மனைவியார் அலமாரியின் மேல்தட்டிலிருந்து, உறை பிரிக்காத பட்டு வேட்டிகள் மூன்றைக் கொணர்ந்து என்முன் வைத்தார். ஒன்று என் மகள் திருமணத்திற்கு எடுத்தது. மற்ற இரண்டும் எதற்கு வாங்கினேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.