மயக்கத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர், தகுதி இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அந்தத் தகுதி எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சந்தைக்குப் போய்விட்டு வந்த என் அக்கா, மின்தூக்கிக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, மயக்கமா வருதுடா" என்றார். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி ஒருவர் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கில ஆசிரியர் அருகில் நிற்கும்போது அக்கா ஏன் வாய் திறக்க வேண்டும்? "ஷி ஃபெயிண்டட்" என்றேன்.

அந்த இரண்டே சொற்கள் அக்காவை ஓரிரவு மருத்துவமனையில் படுக்க வைத்தன. ரத்தச் சோதனை, இதயத் துடிப்புச் சோதனை, மார்பில் ஒட்டிய கம்பிகள். மறுநாள் காலை தமிழ் பேசும் மருத்துவர் ஒருவர் வந்து, "அம்மா, நினைவு தப்பி விழுந்தீங்களா?" என்று கேட்டார். "நான் எங்கே விழுந்தேன்? தலையைச் சுத்துச்சு, சுவரைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

தமிழில் தலை சுற்றினாலும் மயக்கம், கண் இருட்டினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம்தான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. தலை சுற்றினால் டிஸ்ஸி. நம் ஊரில் கிட்டி என்பார்கள். சுற்றியிருப்பதெல்லாம் சுழல்வதுபோல் தோன்றினால் மருத்துவர் வெர்ட்டிகோ என்பார். பெரும்பாலும் உள்காதில் கோளாறு இருக்கும். எழுந்து நிற்கும்போது தலை லேசாகிக் கண் இருட்டினால் லைட்ஹெடட். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் அப்படி வரலாம். ஃபெயிண்ட் என்பதுதான் வில்லங்கமான சொல். "ஐ ஃபீல் ஃபெயிண்ட்" என்றால் விழுந்துவிடுவேன் போலிருக்கிறது, ஆனால் நினைவு இருக்கிறது. "ஐ ஃபெயிண்டட்" என்றால் நினைவு தப்பிவிட்டது. அதைக் கேட்ட மருத்துவர் உடனே இதயத்தைப் பற்றி யோசிப்பார்.

நான் கூட்டிச் சொன்னேன். ஓர் இரவும் கொஞ்சம் பணமும் போயின. குறைத்துச் சொல்லியிருந்தால்? உண்மையிலேயே நினைவு தப்பி விழுந்த ஒருவரைப் பற்றி 'கொஞ்சம் கிட்டி' என்று சொல்லி, மாத்திரையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால்?

நெஞ்செரிச்சலையும் பாருங்கள். ஆங்கிலத்தில் அது ஹார்ட்பர்ன். பெயரில்தான் இதயம் இருக்கிறது. வயிற்றிலுள்ள அமிலம் மேலே ஏறி வருவதே அது. மார்பை அழுத்துவது போன்ற வலிக்கு அந்தச் சொல்லைப் போட்டால் மருத்துவரை வேறு பாதையில் அனுப்பிவிடுகிறோம். அதற்கு செஸ்ட் பெயின் என்றே சொல்ல வேண்டும். (வயிற்றெரிச்சலை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். அது பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கியதால் வருவது.) கால் என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் லெக், ஃபுட் என்று இரண்டு உண்டு. நீரிழிவுக்காரருக்குப் பாதத்தில் புண் என்றால் அது ஃபுட். படிவத்தில் லெக் என்று எழுதினால், பாதத்தை யார் பார்ப்பார்கள்?

ஒத்த சொற்களைத் தொகுத்த ரோஜே என்ற ஆங்கிலேயரின் நூல் 1852இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 73. அவர் ஒரு மருத்துவர் என்பது பலருக்குத் தெரியாது. அகர வரிசையை விட்டுவிட்டுக் கருத்து வாரியாகச் சொற்களை அடுக்கினார். நம்முடைய திவாகர நிகண்டு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெய்வம், மக்கள், விலங்கு என்று பிரித்து அடுக்கியதும் அப்படித்தான். ஆனால் இத்தகைய நூல்களில் ஒரே வரிசையில் நிற்பதால் ஒரு சொல் இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட முடியாது. என் மாணவர்கள் கட்டுரைகளில் அப்படித்தான் செய்வார்கள். சிக்கனமான பாட்டியைப் புகழ நினைத்து, கஞ்சப் பாட்டியாக்கிவிடுவார்கள்!

அன்றாடப் பேச்சில் இதெல்லாம் பெரிதில்லை. 'பாரோ மீ யுவர் பென்' என்றாலும் பேனா கிடைக்கும். இரவல் வாங்குவதையும் கொடுப்பதையும் தமிழ் தெளிவாகப் பிரிக்கிறது. இருந்தும் சந்தைப் பேச்சு நம் காதில் ஏறிவிட்டது. காப்பிக்கடையில் சிங்கிலீஷ் பேசுவதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் பேசுகிறேன். ஆனால் "ஐ சென்ட் மை மதர் டு ஹாஸ்பிட்டல்" என்று நாம் சொல்வது, வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவருக்கு அம்மாவை அனுப்பிவிட்டு நாம் வீட்டிலேயே இருந்துவிட்டதாகக் கேட்கலாம். விழுந்தபோது அருகில் இருந்தது யார் என்பது அவருக்கு முக்கியம். "ஐ டுக் ஹெர்" என்றால் குழப்பமில்லை.

சொல் வராதபோது நடந்ததைச் சொல்லுங்கள். நின்றாரா, விழுந்தாரா, கூப்பிட்டபோது பதில் சொன்னாரா, எத்தனை நிமிடம்? இதற்கு ஐந்தாம் வகுப்பு ஆங்கிலம் போதும். அதுவும் முடியாவிட்டால், தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்பதில் வெட்கமில்லை.

அக்காவுக்கு இப்போது ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைசுற்றல், கண் இருட்டல், நினைவு தப்புதல் என்று தமிழில் மூன்று வரி, எதிரே ஆங்கிலம். கைப்பையில் வைத்திருக்கிறார். போன மாதப் பரிசோதனையின்போது என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அட்டையோடு தனியாகத்தான் உள்ளே போனார்.