மருந்து கொடுத்த கணக்கும் நோய் அடங்கிய கணக்கும்



என்னிலும் கற்றவர்கள் எதிரே அமர்ந்திருக்கும் அவையில் தலைமையுரை ஆற்றக் கிடைத்தது பெரும்பேறு. கொஞ்சம் அச்சமாகவும் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவன் நான். புள்ளியியலோ கணினியோ என் துறை அல்ல. என்னை அழைத்தவர்களுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை, நோயாளிகளிடம் கண்டதை ஒளிவுமறைவின்றிச் சொல்வதுதான்.

‘நோயாளர் தரவுப் பகிர்வும் நீரிழிவுப் பராமரிப்பும்’ என்பது கருத்தரங்கின் பொருள். அடிப்படைகளை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டதை எல்லோரும் படித்திருக்கிறீர்கள். 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், அதில் ஒவ்வொருவருக்கும் தரும் 14 இலக்க ஆபா எண், 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. நான் நேரே என் வழக்குக்கு வந்துவிடுகிறேன்.

வழக்கு இந்த ஊரில்தான் தொடங்குகிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி நடத்திய தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்திலிருந்து இரண்டு வகை ஆவணங்கள் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று, சரபேந்திர வைத்திய முறைகள். மருந்து செய்முறைகளைத் தமிழ்ப் பாட்டாகச் சொல்பவை. சரசுவதி மகால் நூலகம் இவற்றை நோய்வாரியாகப் பதிப்பித்திருக்கிறது. நீரிழிவுக்கும் ஒரு தொகுதி உண்டு. மற்றொன்று, கண் நோயாளிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிவைத்த குறிப்பேடுகள். வந்தவருக்கு என்ன கோளாறு, என்ன சிகிச்சை நடந்தது, பிறகு கண் எப்படி இருந்தது என்று ஆள்வாரியாக எழுதியிருக்கிறார்கள். சிலவற்றில் நோயுற்ற கண்ணையே வண்ணத்தில் தீட்டிவைத்திருக்கிறார்கள். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து மருத்துவ இதழ்களில் எழுதியது இங்குள்ள பலருக்குத் தெரியும்.

முதல் வகையைப் பற்றி ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. இரண்டாம் வகையை நம் பக்கத்து ஆய்வாளர்கள் அநேகமாகத் தொடுவதில்லை. இதைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கட்டுரை படித்தபோது, நான் பெரிதும் மதிக்கும் சுவடியியல் அறிஞர் ஒருவர் மறுத்துப் பேசினார். கண் ஏடுகள் ஓர் அரசரின் ஆர்வத்துக்குச் சாட்சியே தவிர மருத்துவ அறிவு அன்று; அறிவு முழுவதும் பாடல்களில் இருக்கிறது என்பது அவர் வாதம். அன்று நேரமில்லாததால் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டேன். அவருடைய பதிப்புகளின் வழியாகத்தான் நான் அந்தப் பாடல்களையே படித்தேன் என்ற நன்றியோடு இன்று பதில் சொல்கிறேன்.

இன்ன சரக்கை இன்ன அளவு சேர்த்து இத்தனை நாள் கொடு என்று பாடல் சொல்லும். தீரும் என்றும் சொல்லும். உண்டவர் யார், எத்தனை பேருக்குத் தீர்ந்தது, தீராதவருக்கு என்ன ஆயிற்று என்பது அதில் இல்லை. கண் ஏட்டிலோ ஒரு மனிதர் இருக்கிறார், ஒரு கண் இருக்கிறது, ஒரு நாளும் அதற்கடுத்த நாளும் இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டு கழித்து அதைப் படிக்கும் நான், ‘இந்தச் சிகிச்சை இவருக்குப் பலிக்கவில்லை’ என்று சொல்ல முடிகிறது. எழுதியவரோடு வாதாட அவரே எனக்கு இடம் விட்டிருக்கிறார். மருத்துவ அறிவுக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்? பாடல்களை நான் தாழ்த்தவில்லை. அவை கொடுத்த மருந்தின் கணக்கு; ஏடுகள் கண்ட பலனின் கணக்கு.

இந்தப் பழைய வாதத்தை இந்த மேடையில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நீரிழிவுக்காக நாம் இன்று வைத்திருக்கும் பதிவேடுகள், கணினியில் ஏறியவை உட்பட, பெரும்பாலும் பாடல் வகையைச் சேர்ந்தவை.

வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அது 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன் அருமை டெல்டாவில் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். மாத்திரைக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் நடவுக்கூலி போகும். கூலி போகக்கூடாது என்றே மாத்திரையை விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வாசலுக்கே தன்னார்வலர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் மருந்து பெற்றவர் எத்தனை பேர் என்பதுதான் நாம் முதலில் அறிவிக்கும் எண்ணாக இருக்கிறது. திட்டத்துக்கு முந்தைய ஆண்டில், 2020-இல், தமிழ்நாட்டில் தொற்றா நோய்களைப் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வு இன்னோர் எண்ணைச் சொன்னது. நீரிழிவு உள்ளவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். அந்த 10.8 இன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் எவ்வளவு என்பதை, அடுத்த ஆய்வு வரும்வரை காத்திராமல், நம் பதிவேடே மாதாமாதம் சொல்ல வேண்டும். வீடுதேடிப் போய் எடுக்கும் அளவுகள் அத்தனையும் நம்மிடம்தானே இருக்கின்றன?

ஏன் சொல்ல முடியவில்லை என்பதற்கு ஒரு நோயாளியைக் காட்டுகிறேன். ஒரத்தநாட்டுப் பக்கத்து நடவுப் பெண். பத்து வருடமாகச் சுகர். தாளடி நடவில் சேற்றில் கிடந்த நத்தை ஓடு வலக்கால் பெருவிரலைக் கிழித்தது. கால் மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. மாலையில் கரையேறிக் கால் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்த மற்றவர்கள்தான் சொன்னார்கள். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வயலில் இறங்கினார். பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக், தனியார் லேபில் ஒரு பரிசோதனை, முகாம் ஒன்றில் கண்ணுக்கு ஒரு சீட்டு. கடைசியில் அறுவை சிகிச்சை வார்டு, விரலை எடுத்தார்கள். இத்தனை இடத்திலும் அவரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது. விரல் போய் இரண்டு மாதம் கழித்து அவருடைய ஊர்ப்பக்கத்துச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு மாதத்துக்கும் ‘மாத்திரை வழங்கப்பட்டது’ என்று சுத்தமாக எழுதியிருந்தது. எழுதியவர் பொய் எழுதவில்லை. விரலுக்குத்தான் அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

தஞ்சாவூர் மாவட்டத்தில் சோதனை முறையில் நடத்தி மாநிலம் முழுதும் விரித்த ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தை நான் மனமார வரவேற்பது இதனால்தான். நோயாளியைக் கண்ணை மூடச்சொல்லி, பத்து கிராம் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்தி, ‘தெரியுதாம்மா?’ என்று கேட்கும் அந்தச் சோதனைக்குச் சில நிமிடம் போதும். ‘தெரியலீங்க’ என்ற பதில் அந்த அறையை விட்டு வெளியே போக வேண்டும். மாத்திரை கொடுப்பவருக்கும் தன்னார்வலருக்கும் வார்டு மருத்துவருக்கும் போய்ச்சேர வேண்டும். தரவுப் பகிர்வு என்று நான் சொல்வது அதைத்தான்.

நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்கு ஸ்காட்லாந்தைக் காட்டுவேன். 1990-களில் டேசைடு வட்டாரத்தில் குடும்ப மருத்துவர், மருத்துவமனை, மருந்துச் சீட்டு, ஆய்வகம், கண் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே நோயாளி எண்ணால் இணைத்தார்கள். பின்னர் அது நாடு முழுமைக்கும் ஆயிற்று. 2004-க்கும் 2008-க்கும் இடையே நீரிழிவால் வரும் பெரிய கால்நீக்கங்கள் அங்கே சுமார் 40 சதவீதம் குறைந்தன. பாதப் பராமரிப்புக்கும் அதில் பங்கு உண்டு; இணைத்ததால் மட்டும் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறைந்தது என்று அவர்களால் எண்ணிச் சொல்ல முடிந்தது, விரல் போனதும் கால் போனதும் பதிவில் இருந்ததால்தான்.

இனி, இளைய நண்பர்களோடு ஒரு கருத்து வேறுபாடு. நோயாளி கையில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தை நம்ப முடியாது, கணினிப் பதிவு மட்டுமே தரவு என்று சென்ற கருத்தரங்கில் கடுமையாகவே சொன்னார்கள். ரேஷன் கார்டோடு ஒரே கேரி பேக்கில் மடித்துவைத்து, மூலை கிழிந்து, மஞ்சள் கறை படிந்து வரும் அந்த நோட்டைத்தான் சொல்கிறேன். அதில் ரத்த அழுத்தம் எப்போதும் 120/80 என்று இருப்பதும், சர்க்கரை 200, 220 என்று பூச்சியத்தில் முடிவதும் உண்மை. வெறும் வயிற்றிலா சாப்பிட்டா என்ற இடம் காலியாக இருப்பதும் உண்மை. ஆனால் கணினியில் ஏறுவது பெரும்பாலும் அதே 120/80-தான். திரையில் தெரிவதால் அது துல்லியமாகிவிடுவதில்லை. பூச்சியத்தில் முடியும் அளவுகள் எத்தனை என்று எண்ணினாலே எந்த இடத்தில் அளக்காமல் எழுதுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்தப் பிழையும் ஒரு தரவுதான். அதோடு, அந்த நடவுப் பெண் ஏறி இறங்கிய எல்லா இடத்துக்கும் அவரோடு போனது அந்த நோட்டு ஒன்றே. இணைப்பு வரும்வரை அதுதான் இணைப்பு. அதை ஒழித்துவிட்டு ஆபா எண்ணை வைப்பதாக யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன்.

ஒப்புதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகிரலாமா என்று கேட்கும் ஓ.டி.பி. யாருக்குப் போகிறது? அம்மாவின் பெயரில் பதிவான கைப்பேசி எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. ஷிப்டில் இருக்கும் அவர் எதற்கென்று தெரியாமலே எண்ணைப் படித்துச் சொல்கிறார். அம்மாவைக் கேட்டதாகப் பதிவாகிறது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பதினாறு வயது மகளை அழைத்துவந்த தாய் ஒருவர், ‘பேரு எழுதாம மருந்து தர முடியாதுங்களா, நாளைக்குச் சம்பந்தம் பேசணும்’ என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அந்தத் தாயின் பயத்துக்கு விடை வைக்காத எந்தப் பகிர்வு முறையும் டெல்டா கிராமத்தில் நிலைக்காது. தெருவில் உள்ளவர்கள் பார்க்கும் தன்னார்வலர் பட்டியலில் நோயின் பெயர் இருக்க வேண்டிய அவசியம் என்ன? மாத்திரை கொடுக்க வீட்டு எண் போதுமே.

செயற்கை நுண்ணறிவுக்குத் தனி அமர்வு இருப்பதால் ஒன்றே ஒன்று. விழித்திரைப் படத்தில் நீரிழிவுப் பாதிப்பைக் கண்டறிய கூகுள் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட முறை 1,28,175 படங்களில் பயின்றது. அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் அவற்றில் உண்டு. நம் மக்களின் கண்கள் உலகுக்கு உதவியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இயந்திரம் கண்டுசொல்வது பாதிப்பை. லேசர் செய்துகொண்டாரா, பார்வை நின்றதா போனதா என்பதை ஒருவர் திரும்பிப்போய்ப் பார்த்து எழுத வேண்டும். தன்வந்திரி மகாலில் அதைத்தான் கையால் எழுதினார்கள்.

முதல் அமர்வின் முதல் கட்டுரை, வீடுதேடி மருந்து கொடுத்த விவரங்களின் பகுப்பாய்வு என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்தேன். கட்டுரையாளரிடம் என் கேள்வியை இப்போதே வைத்துவிடுகிறேன். பதில் தேட அவருக்கு நேரம் வேண்டும் அல்லவா? உங்கள் அட்டவணையில் மருந்து பெற்றதாக இருக்கும் நபர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை அடங்கியது, எத்தனை பேர் விரலை இழந்தார்கள், எத்தனை பேர் இறந்த பிறகும் மருந்து பெறுவதாகவே பதிவில் இருக்கிறார்கள்? அமர்வைத் தொடங்கும்படி அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.