நோய் போன ஊரும் யாத்திரை போகும் நாமும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



எலுவன்குளத்திலே மலேரியாவைப் பற்றிப் பேசுவது, வலைகாரனுக்குக் கடலை விளக்குவது போலாகும் என இங்குள்ள முதியவர்கள் எண்ணலாம். 1967 முதல் 1969 வரை இலங்கையில் மூண்ட காய்ச்சலில் இலட்சக்கணக்கானோர் விழுந்த காலத்தை அவர்கள் அறிவார்கள். முன்வரிசையிலுள்ள வாலிபர்களுக்கோ அந்த நடுக்கம் என்னவென்றே தெரியாது. நாட்டுக்குள்ளே சுழன்றுவந்த நோயின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

நோய் போயிற்று, நுளம்பு போகவில்லை. இந்நாட்டில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் நுளம்புக்குப் பெருக்கெடுத்தோடும் ஆறு ஆகாது. மழை குன்றி, கலா ஓயா போன்ற ஆறுகள் மெலிந்து மணலிடையே குட்டைகளாகத் தேங்கும்போதுதான் அதற்குக் கொண்டாட்டம். 1934இல் மழை பொய்த்தபோது தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் அப்படித்தான் ஆயின. 1935 முடிவதற்குள் ஏறக்குறைய 80,000 உயிர்கள் மாண்டன. காய்ச்சலோடு பழகிய நம் போன்ற வறண்ட பகுதியாரைவிட, பழகாத ஈரவலயத்தாரையே அது கொடிதாக வாட்டியது. அவர்கள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கவில்லை. இன்று நாமும் அவர்களைப் போலவே இருக்கிறோம்.

ஆகவே வெளிநாடு செல்லும்போது நம்முடைய ஆபத்தை நாமே நிதானிக்க வேண்டும். நாட்டின் பெயர் மாத்திரம் போதாது. எந்தப் பகுதி, எந்தப் பருவம், எத்தனை நாள், இரவில் எங்கே படுக்கை? இவையே கேள்விகள். இமயத்தின் உயர்ந்த சிகரங்களில் இந்த நுளம்பு இல்லை. பூரி ஜகந்நாதர் ஆலயமுள்ள ஒடிசாவிலே காடும் மலையும் சேர்ந்த மாவட்டங்களில்தான் நோய் அதிகம். சென்னையிலோ கிணற்றிலும் மேல்மாடித் தொட்டியிலும் பெருகும் நகரத்து அனோபிலிஸ் உண்டு. (அந்த இனம் 2016இல் நமக்கு வடக்கே மன்னாரிலும் காணப்பட்டது.) தொழிலுக்காக ஆபிரிக்கா செல்பவர் இன்னும் விழிப்பாயிருக்க வேண்டும்; உயிரை வாங்கும் பல்சிபாரம் வகை அங்கேதான் மிகுதி. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என யோசிப்பது நல்லது.

யாத்திரைக்குப் பட்டுச்சேலை மடித்து வைப்பவர்கள் நுளம்புவலையை மறந்துவிடுகிறார்கள்! அனோபிலிஸ் கடிப்பது அந்திமுதல் விடியும்வரை. மடத்துத் திண்ணையில் படுப்பவருக்கு மருந்தூட்டிய வலையும், கைகால் மூடிய உடையும், பூச்சுத் தைலமும் வேண்டும். தடுப்புக் குளிசையும் உண்டு. இந்தியாவுக்கு ஒன்று, ஆபிரிக்காவுக்கு வேறொன்று. அதை வைத்தியரே தீர்மானிக்கட்டும். மலேரியா தடுப்பு இயக்கத்தார் இலவசமாகவே தருகிறார்கள். வாரமொன்றாக விழுங்கும் குளிசையை ஊர் திரும்பிய பின்னும் நான்கு வாரம் நிறுத்தலாகாது. பலர் வீட்டுச் சோறு கண்டதும் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் என்ன செய்வது? இங்கே காய்ச்சலென்றதும் டெங்குவே எவர் நினைவுக்கும் வருகிறது. இளம் வைத்தியர்கள் பலர் மலேரியாவைப் புத்தகத்திலே மாத்திரம் கண்டவர்கள். நாமே முந்திக்கொண்டு, "இன்ன நாட்டுக்குப் போய்வந்தேன், மலேரியாவுக்கும் இரத்தம் பாருங்கள்" என்று சொல்லவேண்டும். ஒரு தரம் பார்த்து இல்லையென்றாலும், காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி பார்க்கச் சொல்லவேண்டும். பல்சிபாரம் சில நாட்களிலே ஆளை முடித்துவிடும். வைவாக்ஸ் வகையோ ஈரலிலே பதுங்கி, யாத்திரையே மறந்துபோன மாதங்களுக்குப் பின்பும் எழும்பும்.

இது ஒருவருடைய உடம்போடு நிற்கிற காரியமுமல்ல. 2018இன் இறுதியில் மொனராகலை மாவட்டத்திலே, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் நோய் நுளம்பு வழியாக உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றியது. விரைவிலே கண்டு அடக்கினார்கள். நம் ஆற்றங்கரையிலும் அதே நுளம்பு உண்டு. கண்டுபிடிக்கப் பிந்தினால் அயல்வீட்டுப் பிள்ளை படுக்கும்.

அடுத்த யாத்திரைக்குப் பெயர் கொடுப்பவர்கள் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நம்மிடம் சொல்லட்டும். குளிசைக்காகப் புத்தளத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போய்வரலாம்.