பெயரைப் பார்த்து ஏமாந்த ஒரு வரி

இன்னைக்கு எபிசோட், நான் எழுதிய ஒரே ஒரு வரி கோட் பத்தி. பாதுகாப்புக்குன்னு நினைச்சு எழுதின வரி. நாலு வருஷம் கழிச்சு எங்க பேமெண்ட்டையே நிறுத்திடுச்சு.

முதல்ல அடிப்படை. உங்க ஆப் ஒரு சர்வரோட பாதுகாப்பாகப் பேசணும்னா, பேச்சுக்கு முன்னாடி ஒரு அறிமுகம் நடக்கும். "எனக்கு இந்தந்த வெர்ஷன் தெரியும்" என்று ஆப் சொல்லும். தனக்கும் தெரிந்ததில் ஒன்றை சர்வர் எடுத்துக்கும், வழக்கமா இருக்கிறதிலேயே புதுசை. பொதுவா எதுவுமே இல்லைன்னா இணைப்பு அங்கேயே முடிஞ்சது.

அந்த வெர்ஷன்களோட வரிசை இதுதான்: 1995இல் எஸ்எஸ்எல் 2.0, அடுத்த வருஷம் 3.0. 1999இல் பெயர் மாறி டிஎல்எஸ் 1.0. பிறகு 2006இல் 1.1, 2008இல் 1.2, 2018இல் 1.3.

2014 அக்டோபரில் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 'பூடில்' என்ற தாக்குதலை வெளியிட்டாங்க. நடுவுல இருக்கிறவன் இணைப்பை வேணும்னே கெடுத்து, பிரவுசரைப் பழைய எஸ்எஸ்எல் 3.0க்கு இறங்க வெச்சு, உங்க லாகின் குக்கியை ஒவ்வொரு பைட்டா உருவலாம். "எஸ்எஸ்எல்லைத் தூக்கு, டிஎல்எஸ் போடு" என்று எங்கே பார்த்தாலும் அதே பேச்சு.

எங்க பைதான் கோட்ல தேடினேன். 'எஸ்எஸ்எல்வி23' என்று ஒரு இடத்தில் இருந்தது. ஐயோ, எஸ்எஸ்எல்! உடனே அதைத் தூக்கிட்டு 'டிஎல்எஸ்வி1' என்று போட்டேன். பக்கத்துல ஒரு கமெண்ட் வேற: "பாதுகாப்புக்காக மாற்றப்பட்டது."

அந்தப் பெயர்தான் என்னை ஏமாத்துச்சு. எஸ்எஸ்எல்வி23 என்றால், 'ரெண்டு பக்கமும் தெரிஞ்சதுல உயர்ந்ததை எடுத்துக்கோ' என்று அர்த்தம். பழைய காலத்துப் பெயர் அப்படியே ஒட்டிக்கிட்டிருந்தது, அவ்வளவுதான். டிஎல்எஸ்வி1 என்றால் 1.0 மட்டும். எதிரில் 1.2 தெரிஞ்ச சர்வர் இருந்தாலும் அதே 1.0தான். நான் அந்த வரியைத் தொடாமல், எஸ்எஸ்எல் 2, 3 ரெண்டையும் அணைக்கும் ஆப்ஷனை மட்டும் சேர்த்திருக்கணும்.

ஏன் யாருமே கண்டுபிடிக்கல? எல்லாம் வேலை செஞ்சதே! பழைய வெர்ஷன்ல பேசினா எந்த எர்ரரும் வராது.

2018 வந்தது. கார்டு பேமெண்ட்டுக்கான பிசிஐ விதிப்படி, ஜூன் 30க்குள் எஸ்எஸ்எல்லையும் டிஎல்எஸ் 1.0ஐயும் விட்டாகணும். கேட்வேக்காரங்க முன்கூட்டியே மெயில் அனுப்பியிருந்தாங்க. "எங்க சர்வருக்கு 1.2 தெரியும், பிரச்சினை இல்லை" என்று பதில் போட்டதே நான்தான். சர்வருக்குத் தெரியும். என் வரிதான் அதைப் பேச விடலை.

அவங்க 1.0ஐ அணைச்ச நிமிஷத்திலிருந்து ஒரு பேமெண்ட்டும் போகலை. பக்கத்து சீட் நண்பன், "மச்சி, சர்ட்டிஃபிகேட் செக்கை ஆஃப் பண்ணிப் பாக்கலாமாடா?" என்றான். பதற்றத்துல எல்லாருக்கும் தோணுறதுதான். ஆனா அந்த செக், எதிரில் இருப்பது யாருன்னு பார்க்கிறது. அதை அணைச்சா வெர்ஷன் பிரச்சினை தீராது. வேற யாராவது கேட்வே மாதிரி நடிச்சாலும் நமக்குத் தெரியாமப் போகும்.

கடைசியில் என் வரி கண்ணில் பட்டது. 'டிஎல்எஸ்வி1_2' என்று மாத்தினேன். பேமெண்ட் ஓடுச்சு. நிம்மதியா ரிவ்யூவுக்கு அனுப்பினா, எங்க சீனியர் வந்து கேட்டாங்க: "ஏம்ப்பா, இதே கதையை இன்னொரு வாட்டி ஓட்டப்போறியா? கீழ் எல்லையை மட்டும் நீ சொல்லு. மேலே எதுன்னு லைப்ரரி பாத்துக்கட்டும்."

அவங்க சொன்னது சரி. அந்த ஆகஸ்டிலேயே 1.3 வந்துடுச்சு. அறிமுகத்துக்கு 1.2இல் ரெண்டு தடவை போய் வரணும், 1.3இல் ஒரு தடவை போதும். பலவீனமான பழைய முறைகளையும் அதில் நீக்கிட்டாங்க. நான் மாத்தின வரி அப்படியே போயிருந்தா, எங்க ஆப் 1.3ஐத் தொட்டிருக்கவே முடியாது.

இப்போ நீங்க செய்ய வேண்டியது. பைதான்னா, டீஃபால்ட் கான்டெக்ஸ்ட்டை எடுத்து, குறைந்தபட்ச வெர்ஷன் 1.2 என்று வையுங்க. 3.10க்கு மேல அதுவே டீஃபால்ட். டாட்நெட்ல வெர்ஷனை எழுதாம ஆபரேட்டிங் சிஸ்டம்கிட்ட விடுங்க. எதிரில் இருக்கும் பழைய சர்வருக்கு 1.0 மட்டும்தான் தெரியுமா? அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்க, எப்போ எடுக்கணும்னு தேதியும் போடுங்க. ஏன்னா 1.0, 1.1 ரெண்டையுமே 2021 மார்ச்சில் ஐஇடிஎஃப் அதிகாரபூர்வமா கைவிட்டாச்சு.

இன்னொண்ணு. எந்த வெர்ஷன்ல இணைப்பு நடந்ததுன்னு லாக்ல எழுத வையுங்க. என்கிட்ட அந்த லாக் இருந்திருந்தா, மெயிலுக்கு அப்படிப் பதில் போட்டிருக்க மாட்டேன்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க கோட்ல 'டிஎல்எஸ்வி1' என்று ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடைச்சா எனக்கு எழுதுங்க. சிரிக்க மாட்டேன், சத்தியமா.