மழைக்கு முன்னே ஜன்னலைப் பாருங்கள்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் புரட்டாசி மாதக் கூட்டத்தில் பேசப்பட்டதன் எழுத்து வடிவம்)



இன்று வங்கிக் கடன் பற்றியோ கணக்குப் புத்தகம் பற்றியோ பேசப் போவதில்லை. ஜன்னலைப் பற்றிப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க. ஐப்பசியில் ஆரம்பித்துத் தை வரைக்கும் உள்கடன் கேட்டு வருகிற மனுக்களை எடுத்துப் பாருங்கள். பிள்ளைக்குச் சளி, மாமியாருக்கு இழுப்பு, ஆஸ்பத்திரிச் செலவு என்பதே திரும்பத் திரும்ப வரும். மாடு வாங்கவும் தையல் மிஷின் வாங்கவும் சேர்த்த பணம் மருந்துக் கடைக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் ஜன்னல்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஈரப்பாயில் படுப்பதும் புகை அடைந்த வீட்டில் படுப்பதும் இழுப்பைக் கூட்டும் என்பதை டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே பார்க்கிறோம்.

நம்ம ஊருக்கு அப்படி என்ன குளிர் என்று கேட்பீர்கள். மார்கழி, தையில்கூடத் தஞ்சாவூர்ப் பக்கம் இரவில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் நாள் முழுக்கச் சம்பா வயலில் களையெடுத்துவிட்டு, நனைந்த சேலையோடு வீடு திரும்புகிறவளுக்கு அந்த 20 டிகிரியே போதும். ஈர உடம்பில் வாடைக் காற்று பட்டால், ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை.

பழைய கூரை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் தாழ்வாரம் குனிந்து நுழையும் அளவுக்கு இறங்கி இருந்தது. சாரல் சுவரையே தொடாது. இப்போது நமக்குக் கிடைத்திருப்பது கான்கிரீட் வீடு. கூரை மாற்றும் செலவு இல்லை, தீ பயம் இல்லை, நல்லதுதான். ஆனால் ஜன்னலுக்கு மேலே முழ நீளத்துக்கு ஒரு சன்ஷேடு, அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை நேராக இறங்குகிற மழை இல்லை, காற்றோடு சாய்ந்து அடிக்கிற மழை. 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி மழைக்கு அந்தச் சன்ஷேடு எந்த மூலைக்கு?

அதனால் நாம் என்ன செய்கிறோம்? கையில் கிடைத்த சாக்கை ஜன்னலில் திணிக்கிறோம். போன வருஷம் ஒரு வீட்டில், "ஏன் அத்தை, இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க, உள்ளே கண்ணே தெரியலையே?" என்று கேட்டோம். "வாடை அடிக்குதுடியம்மா, வேற என்ன பண்ணச் சொல்றே?" என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உள்பக்கம் திணித்த சாக்கு மழையைக் குடித்துக்கொண்டு நாலு நாள் காயாமல் கிடக்கிறது. சுவர் ஊறுகிறது, பூஞ்சை பிடிக்கிறது. போதாதற்குப் பூரானும் தேளும் அதிலே குடியேறுகின்றன.

காற்று வருவது ஜன்னல் வழியாக இல்லை, ஜன்னலின் சந்து வழியாக. அந்தச் சந்தை அடைத்தால் போதும். ஜன்னல் ஜன்னலாகவே இருக்கட்டும்.

முதலில் சந்து எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். காற்று அடிக்கிற ஒரு நாளில் எல்லா ஜன்னல் கதவுகளையும் சாத்திவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டத்தின் ஓரமாக மெதுவாகக் கொண்டு போங்கள். புகை நேராகப் போனால் சரி, எங்கே கலைந்து ஓடுகிறதோ அங்கே சந்து. திரைச்சீலையும் கீற்றும் பக்கத்தில் இருந்தால் ஊதுபத்தி வேண்டாம். ராத்திரி ஒருவர் வெளியே நின்று டார்ச் அடித்தால் உள்ளே இருப்பவருக்கு வெளிச்சம் கோடு போட்ட மாதிரித் தெரியும். இதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அதற்குச் சிமென்ட்தான் வழி. ஒரு பங்கு சிமென்ட், நாலு பங்கு மணல். பழைய தூசியைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் தெளித்துவிட்டுப் பூச வேண்டும். காய்ந்த சுவரில் பூசினால் உதிர்ந்துவிடும். நம் உறுப்பினர்களில் சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரியாததில்லை. அதே கலவையில் மீதி இருந்தால் இரண்டு வேலை செய்துகொள்ளுங்கள். ஜன்னலின் அடிக்கட்டை பல வீடுகளில் சமமாகவோ உள்பக்கம் சாய்ந்தோ இருக்கிறது. விழுந்த தண்ணீர் நேராகப் பாய்க்கு வருகிறது. அதை வெளிப்பக்கம் சரிவாகப் பூசிவிடுங்கள். சன்ஷேடின் அடியில், வெளி ஓரத்தை ஒட்டி, விரல் தடிமனுக்கு ஒரு வரப்பு மாதிரி வைத்துவிடுங்கள். ஓரத்தில் வழிகிற தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வராமல் அந்த வரப்பிலேயே சொட்டிவிடும். இது இல்லாததால்தான் பல வீடுகளில் ஜன்னலுக்கு மேலே சுவர் கறுத்துக் கிடக்கிறது.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள சந்துக்குப் பழைய சைக்கிள் டியூப்பை மிஞ்சியது எதுவும் இல்லை. நீளவாக்கில் வெட்டி, விரல் அகலப் பட்டையாக்கி, கதவு வந்து உட்காரும் இடத்தில் சட்டத்தோடு வைத்துச் சின்ன ஆணி அடியுங்கள். ஒரு ஓரத்தில் மட்டும்தான் ஆணி. மறு ஓரம் ஆடட்டும். கதவு சாத்தும்போது அது அமுங்கிச் சந்தை மூடும். இரும்பு ஜன்னலாக இருந்தால் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் போதும். கண்ணாடி ஆடினால் ஆசாரியிடம் சொல்லி லப்பம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிப்போய்ச் சாத்த வராது. உடனே இழைக்கச் சொல்லாதீர்கள். கார்த்திகையில் இழைத்த கதவு பங்குனியில் காய்ந்து சுருங்கி, இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பிடிக்கிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஓட்டுங்கள். இழைப்பதாக இருந்தால் வெயில் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கதவே இல்லாமல் கம்பி மட்டும் உள்ள ஜன்னலுக்கு, கழுவிக் காயவைத்த உரச்சாக்கை இரண்டாக மடித்துத் தைத்து, மேலும் கீழும் மூங்கில் குச்சி கோத்து வெளிப்பக்கம் தொங்க விடுங்கள். பகலில் சுருட்டிக் கட்டலாம். உள்ளே பழைய சேலையை இரண்டு மடிப்பாகத் திரை போட்டால் சில்லிப்பு நிற்கும். வாசற்படிக்குக் கீழே உள்ள சந்துக்குப் பழைய பேன்ட் காலில் மணலை நிரப்பி இரண்டு பக்கமும் கட்டிப் போட்டால் பாம்புக்கும் தடை. வைக்கோல் நிரப்பாதீர்கள், நாலு மணி நெல் ஒட்டியிருந்தாலும் எலி தேடிக்கொண்டு வரும். குளிர் நாடுகளிலும் ஏழைகள் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் வீட்டுச் சந்துகளை அடைத்துக் கொடுக்க 1976-ல் அரசாங்கமே ஒரு திட்டம் கொண்டு வந்தது. நமக்கு அதற்குத் திட்டம் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சந்தை நன்றாக அடைத்த வீட்டில் விறகடுப்பு எரிந்தால் புகை எங்கே போகும்? பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஊரகத்துக்குச் சொல்லியிருப்பது 25 சதுர மீட்டர், ஏறக்குறைய 270 சதுர அடி. அந்த அளவு வீட்டில் ஈர விறகை மூட்டினால் கால் மணி நேரத்தில் கண் எரியும். வீட்டுக்குள் அடையும் புகையால் 2020-ல் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்படியில் நிற்கிறது யார், மடியில் இருக்கிறது யார் என்று யோசித்தால் கணக்கு புரியும். கேஸ் இருக்கிற வீட்டிலும் சிலிண்டர் விலைக்குப் பயந்து வெந்நீருக்கு விறகுதானே?

ஆகையால் வடக்கும் கிழக்கும் பார்த்த ஜன்னல்களை அடையுங்கள். இந்தப் பருவத்தில் வாடை அங்கிருந்துதான் வரும். தெற்கு, மேற்கில் ஒன்றைத் திறந்தே வையுங்கள். சுவரின் மேலே உள்ள வென்டிலேட்டரை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். கொசு வரும் என்றால் நைலான் வலை அடியுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்ணை வைக்கும் அறைதான் எங்களுக்குப் பெரிய கவலை. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று எல்லாவற்றையும் மூடுகிறோம். குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்ட கங்குச் சட்டி ராத்திரி முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. கங்கில் புகை வராததால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம். நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற வாயு அதிலிருந்து வரும். தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கொடைக்கானல் விடுதி அறையில் குளிருக்குக் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி பத்திரிகையில் வந்ததுதானே. அம்மாமார்களே, ஆத்தாமார்களே, உங்கள் பழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. சாம்பிராணி போடுங்கள், வாசம் பிடித்ததும் சட்டியை வெளித் திண்ணைக்குக் கொண்டு போய்விடுங்கள். குழந்தைக்குக் கதகதப்பு தாயின் மாரோடு அணைத்துப் போர்த்துவதில் இருக்கிறது, கங்கில் இல்லை.

இதெல்லாம் சாதாரண மழைக்குத்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது ஓடும் ஷீட்டும் பறந்தன. டியூப் பட்டை என்ன செய்யும்? புயல் எச்சரிக்கை வந்தால் ஜன்னலை யோசிக்காமல் பிள்ளைகளையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய்விடுங்கள். புயலில் காற்று திசை மாறும். வடக்கே அடித்தது கொஞ்ச நேரத்தில் வேறு பக்கம் அடிக்கும். அடங்கிவிட்டது என்று நடுவில் வெளியே வராதீர்கள்.

டியூப், ஆணி, கொஞ்சம் சிமென்ட் எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் பெரிய செலவு ஆகாது. மூட்டையாகச் சிமென்ட் வாங்கி ஒரு தெருவுக்குப் பிரித்துக்கொள்ளலாம் என்று செயற்குழுவில் பேசியிருக்கிறோம். தனியாக இருக்கிற வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் முதலில். அப்படிப்பட்ட வீடுகளின் பட்டியலை ஊக்குநர்கள் அடுத்த வாரக் குழுக் கூட்டத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளிடம் பழைய டியூப்பைத் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிடலாம்.