நான்காவது சீருடை



"விண்வெளிக்குத் தனிப்படை வேண்டுமா என்று கருத்தரங்கில் பேசப் பெங்களூரை விட்டு மண்டகப்பட்டு என்ற இந்தக் குடைவரை ஊருக்கா வந்தீர்கள்?" என்று காலையில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்தப் பாறையைக் குடைந்தவன் முதலாம் மகேந்திரவர்மன். மூன்று கருவறை, ஒரே மண்டபம், வாசலில் இரண்டு வாயிற்காவலர். முப்படைக்கு இதை உவமையாக்க நாக்கு துடிக்கிறது, விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது வேறு. அவன் பகைவரை வென்ற களம் புள்ளலூர் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள அதே புள்ளலூரில்தான் 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை வளைத்து நொறுக்கினார்கள். மைசூர் ராக்கெட் ஒன்று வெடிமருந்து வண்டியில் பாய்ந்ததால்தான் சண்டை திரும்பியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்ற வழக்கை இரண்டாம் அமர்வுக்கு விட்டுவைப்போம்.

அந்த ராக்கெட், மருந்து கெட்டித்த இரும்புக் குழாயை மூங்கில் கழியில் தோல்வாரால் இறுகக் கட்டியது. கிட்டத்தட்ட 2 கி.மீ. பாயும். ஐரோப்பியப் படைகளிடம் அன்று இதற்கு ஈடில்லை. இத்தனை புதுமையான ஆயுதத்தை வைத்திருந்த திப்பு, ராக்கெட்காரர்களைப் பிரித்துத் தனிப்படையாக்கவில்லை. அவருடைய 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்ற போர்க் கையேடு குஷூன் எனப்பட்ட ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 200 ராக்கெட்காரர்களை ஒதுக்குகிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துக் காங்க்ரீவ் என்பவர் இங்கிலாந்தில் புதியவற்றைச் செய்தார். ஆங்கிலேயரும் அவற்றைத் தங்கள் பீரங்கிப் படைக்குள்தான் வைத்தார்கள்.

ஆக, புது ஆயுதம் வந்துவிட்டது என்பதற்காகப் புதுப்படை பிறப்பதில்லை. இருக்கிற எந்தப் படையும் தன் வேலை என்று ஏற்காத வேலை ஒன்று வரும்போதுதான் அது பிறக்கிறது. 1917இல் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்டன. தரைப்படையும் கடற்படையும் ஆளுக்கொரு விமானப் பிரிவு வைத்திருந்தும் நகரத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்று தெரியவில்லை. 1918 ஏப்ரல் 1 அன்று ராயல் ஏர் ஃபோர்ஸ் உருவானது. நம் நாட்டிலும் இப்படித்தான். கடத்தல்காரர்களைத் துரத்துவது போர்க்கப்பலின் வேலையல்ல என்றானபின் 1978இல் கடலோரக் காவல்படைக்குச் சட்டம் வந்தது.

இனி விண்வெளிக்கு வருவோம். 2019 டிசம்பர் 20 அன்று அமெரிக்கா ஸ்பேஸ் ஃபோர்ஸைத் தொடங்கியதும், நமக்கும் ஒன்று வேண்டும் என்ற குரல் இங்கே எழுந்தது. அவர்கள் விமானப்படைக்குள் 1982 முதலே விண்வெளிக் கட்டளையகம் இருந்தது. வளர்ந்து ஆளான பிள்ளையைத் தனிக்குடித்தனம் வைத்தார்கள், அவ்வளவுதான். இன்றும் அது விமானப்படைத் துறையின் கீழ்தான், சீருடையில் ஏறத்தாழ 10,000 பேரோடு இயங்குகிறது. ரஷ்யா 2015இல் விண்வெளிப் படையை விமானப்படையோடு சேர்த்தது. சீனா 2015 இறுதியில் விண்வெளியையும் சைபரையும் ஒரே படையில் போட்டு, 2024 ஏப்ரலில் அதைக் கலைத்து மறுபடி பிரித்தது. பிரான்ஸ் தனிப்படை அமைக்காமல் தன் விமானப்படையின் பெயரில் விண்வெளியைச் சேர்த்துக்கொண்டது. பார்த்து எழுத யாரிடமும் சரியான விடைத்தாள் இல்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது? கடற்படைக்கு 2013இல் ருக்மிணி என்கிற ஜிசாட்-7 செயற்கைக்கோள். விமானப்படைக்கு 2018இல் ஜிசாட்-7ஏ. மீண்டும் கடற்படைக்கு 2025 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற 4,410 கிலோ எடையுள்ள சிஎம்எஸ்-03. 52 உளவுச் செயற்கைக்கோள்களுக்கு 2024இல் ஒப்புதல் கிடைத்தது. அவற்றில் 31 தனியார் நிறுவனங்கள் செய்ய வேண்டியவை. 2019 முதல் பெங்களூரில் முப்படைக்கும் பொதுவாகப் பாதுகாப்பு விண்வெளி முகமை இயங்குகிறது. 2025 மே மாத மோதலின்போது குறைந்தது பத்து செயற்கைக்கோள்கள் இரவுபகலாக நாட்டின் பாதுகாப்புக்காக இயங்குவதாக இஸ்ரோ தலைவர் நாராயணன் சொன்னார். ஒரே நேரத்தில் தரைப்படை ஒரு மலையையும் கடற்படை ஒரு துறைமுகத்தையும் படமெடுக்கக் கேட்டால் எது முதலில்? அதைத் தீர்மானிக்கும் நாற்காலி யாருடையது என்பதே நம் பிரச்சினை. நான்காவது படை வந்தால் கேட்பவர்களில் ஒருவர் கூடுவார்.

இங்கே ஒரு சின்ன விவரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அண்மைக்காலம் வரை முப்படையும் சேர்ந்த அமைப்பு ஒன்றின் தலைவர், தன்னிடம் வேலை பார்க்கும் வேறு படைக்காரர் தப்பு செய்தால் நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியாது. அவரைத் தாய்ப் பிரிவுக்கு அனுப்பி, அங்கேதான் விசாரணை. இதை மாற்றிய சட்டம் 2023இல் நிறைவேறி 2024 மே மாதம் அமலுக்கு வந்தது. கார்கில் போருக்குப் பின், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவின் காலத்திலிருந்து, மூன்று படையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கவே இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

தனிப்படை கேட்பவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மதிக்கிறேன். செயற்கைக்கோள் வேலையை மூன்று ஆண்டு கற்ற அதிகாரி, பதவி உயர்வு வேண்டுமானால் கப்பலுக்கோ ஸ்குவாட்ரனுக்கோ திரும்பியாக வேண்டும். கற்றது வீணாகும். இந்த நோய்க்கு மருந்து, சொல்லப்போனால், மருத்துவர்களிடமே இருக்கிறது. ஆயுதப்படை மருத்துவ சேவையில் ஒரு டாக்டர் தரைப்படையின் பச்சையோ, கடற்படையின் வெள்ளையோ, விமானப்படையின் நீலமோ உடுத்துகிறார். ஆனால் கடைசிவரை டாக்டராகவே இருக்கிறார். மூன்றுக்கும் மேலே ஒரே தலைமை இயக்குநர். சுதந்திரம் வந்த காலத்திலிருந்து ஓடிவரும் ஏற்பாடு. விண்வெளி அதிகாரிகளுக்கும் இப்படியொரு நிரந்தரப் பிரிவு அமைத்து, பெங்களூர் முகமையை முழுமையான கட்டளையகமாக உயர்த்தினால் போதும் என்பது என் கட்சி.

எனக்கு ஓர் அச்சமும் உண்டு. படை என்று ஒன்று வந்தால் ஆயுதம் கேட்கும். 2019 மார்ச் 27 அன்று அப்துல் கலாம் தீவிலிருந்து சென்ற ஏவுகணை நம் மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளைச் சுமார் 300 கி.மீ. உயரத்தில் தகர்த்தது. திறமையைக் காட்டியாயிற்று, தாழ்வான உயரம் என்பதால் சிதறல்களும் பெரும்பாலும் விரைவில் எரிந்துபோயின. 2007இல் சீனா 865 கி.மீ. உயரத்தில் தகர்த்ததன் துண்டுகள் இன்னும் சுற்றுகின்றன. இத்தகைய சோதனைகளைக் கைவிடக் கோரிய 2022 ஐ.நா. தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அந்த ஒதுக்கத்துக்கு இன்னும் ஒரு காரணம் கூடிவிடக் கூடாது.

உண்மையான தாக்குதலோ சத்தமில்லாமல் வருகிறது. 2022 பிப்ரவரி 24 அன்று, உக்ரைன் போர் தொடங்கிய நாளில், செயற்கைக்கோள் இணையம் தரும் வயாசாட் நிறுவனத்தின் மோடம்கள் முடக்கப்பட்டன. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகள் தொலைக் கண்காணிப்பை இழந்தன. நம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டரை நினைத்துப் பாருங்கள். புயல் எச்சரிக்கை ப்ளூடூத் வழியாக மீனவரின் செல்பேசிக்குத் தமிழில் வருகிறது. ஆபத்தென்றால் அவரும் செய்தி அனுப்பலாம். அதைச் சுமக்கும் ஜிசாட்-6ஐப் பாதுகாப்புத் துறைக்கும் சேர்த்தே செய்தார்கள். நாளை யாராவது அந்த அலைவரிசையை அடைத்தால் மரக்காணத்து மீனவர் எந்த அலுவலகக் கதவைத் தட்டுவார்? இஸ்ரோவா, கடலோரக் காவல்படையா, பெங்களூர் முகமையா? 2023 விண்வெளிக் கொள்கை இருக்கிறது. பொறுப்பை வரையறுக்கும் நாடாளுமன்றச் சட்டம் இன்னும் வரவில்லை. படைக்கு முன்னால் அது வர வேண்டும்.

முதல் அமர்வில் தனிப்படை வேண்டும் என்பவர்கள் பேசுகிறார்கள். ஆளுக்கு இருபது நிமிடம். மணி அடித்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். முதல் கேள்வியை நானே கேட்கப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மருத்துவ சேவை ஏற்பாட்டில் செய்ய முடியாத எந்த வேலைக்காக இந்த நான்காவது சீருடை? பெயர் சொல்லி ஒரு வேலையைக் காட்டுங்கள். காட்டிவிட்டால் மாலை அமர்வில் என் கட்சியை மாற்றிக்கொள்ளத் தயார்.