நெஞ்சில் தழும்புள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருதயத்தில் ஓட்டையோடு பிறந்து, கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்த பிள்ளைகள் நமது தோட்டங்களிலும் இருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும்போது, “இனிப் பயமில்லை” என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வரும் காய்ச்சலை மட்டும் மற்றப் பிள்ளைகளின் காய்ச்சல் போல எண்ணிவிடக் கூடாது.

முதல் சில வாரங்களில் தழும்பு சிவந்தால், சீழ் வைத்தால், காய்ச்சலோடு நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ வந்தால், கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம். தையலில் கிருமி பிடித்திருக்கலாம். இருதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கலாம்.

வருடங்கள் கழிந்த பிறகும் கவனம் தேவை. சொத்தைப் பல், கொப்புளம், ஆறாத புண் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலக்கும். சாதாரணமாக உடம்பே அதை அழித்துவிடும். ஆனால் இருதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தால், ஒட்டுப்போட்ட இடத்தில் இன்னும் கசிவு இருந்தால், கிருமி அங்கே ஒட்டிக்கொண்டு வளரலாம். வால்வையே அரித்துவிடும். பல நாள் விடாத காய்ச்சல், சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, உடம்பு மெலிவு ஆகியவையே அதன் அடையாளங்கள்.

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். வீட்டில் மிஞ்சிய அன்டிபயோட்டிக்கைக் கொடுக்கிறோம். காய்ச்சல் இறங்கும், மீண்டும் வரும். பிறகு இரத்தத்தைச் சோதித்தாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். ஆகவே முதலில் வைத்தியசாலை, இரத்தப் பரிசோதனை. அதன் பிறகே அன்டிபயோட்டிக். இந்த நோய்க்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை ஊசி மருந்து ஏற்ற வேண்டும். நேரத்தோடு போனால் பிள்ளையைக் காப்பாற்றலாம்.

தினமும் இரண்டு வேளை பல் துலக்க வையுங்கள். பல் பிடுங்குவதற்கு முன்பே வைத்தியரிடம் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாக்க விடாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கொப்பியில் எழுதியிருப்பது நமக்குப் புரிவதில்லை என்பதும் உண்மை. தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. வைத்தியசாலையை விட்டு வருமுன் தமிழில் விளக்கம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

“வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடுமே, இராத்திரியில் வாகனத்துக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தானே சங்கம் இருக்கிறது! ஒவ்வொரு டிவிஷன் தலைவியும், பெற்றோரின் சம்மதத்தோடு, இப்படியான பிள்ளைகளின் பெயர்களை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடு நிர்வாகத்திடம் போவோம். அவசரத்துக்கு வாகனம் கேட்போம். காய்ச்சல் வந்த இராத்திரியில் துரை பங்களா வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.